திரும்புவதற்கு வைத்த பங்கு

அமுக்க மாட்டேன். விரல் பட்டன்மேலேயே கிடக்கட்டும், பார்க்கிறவர்களுக்கு நான் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்திருப்பதாகத் தெரியட்டும், ஆனால் அமுக்க மாட்டேன், அது விழும்போதும் அமுக்க மாட்டேன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இந்த ஒரு பட்டனுக்காகத்தான் என்னை இந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள். அமுக்கினால் சிட்டு இருக்கிற இடத்திலிருந்தே மெதுவாகத் தரை இறங்கிவிடும், ஒரு கீறல் விழாது. அமுக்காவிட்டால் கல்லைப்போல வந்து விழும். சிட்டு என்பது பியூலா வைத்த பெயர். உள்ளங்கை அளவு உடம்பு, நான்கு விசிறி, ஒரு கேமரா, காந்தம் வைத்த ஒற்றைக் கால், வயிற்றில் பிஸ்கட் கனத்துக்கு ஒரு பேட்டரி. இந்த மருந்துக் கிடங்குக்குள் ரேக் ரேக்காகப் பறந்துபோய் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எது காலாவதி ஆகப்போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்காகச் செய்தது. உடம்பைச் செய்தது பியூலா. எப்போது பறப்பது, எப்போது ஓய்வது, எப்போது வீடு திரும்புவது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான். இதோ மஞ்சள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருக்கும் கிருபாகரன், எங்கள் டீம் லீடர், எல்லோருக்கும் கிருபா அண்ணா, அவர் செய்தது அதன்மேல் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. "நான் என்ன யோசிச்சேன்னா சார்," என்கிறார், கிடங்கு மேனேஜர் ஷாநவாஸிடம். நான் என்ன யோசிச்சேன்னா. அந்த 'நான்' என் காதுக்குள் போய் எங்கேயோ முள்ளாகக் குத்தி நிற்கிறது. இன்று இது நல்லபடியாகப் பறந்தால் இந்தக் கம்பெனியின் எல்லாக் கிடங்குகளும் எங்களுக்கு. புனேயில் புதிதாக ஓர் அலுவலகம் திறப்பார்கள், அதற்கு அவர் தலைவர். போகும்போது என் வேலையையும் பெட்டியில் மடித்து வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். விழுந்தால் எதுவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் அமுக்க மாட்டேன்.

சிட்டு இரண்டாவது ரேக்கின் ஓரமாக ஏறுகிறது, கொசு பாடுவதுபோல மெல்லிய சத்தம், திரையில் மீதி எழுபது சதவீதம் என்று பச்சையில். இந்தப் பச்சை எழுத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அதற்குக் கீழே, மூலையில், பொடி எழுத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் வோல்டேஜை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதுதான் செலவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆபீஸ் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அதையே பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்தது, இந்தச் சின்ன உடம்புக்குப் போவது பெரிய செலவே இல்லை, காற்றில் சும்மா நிற்பதுதான் செலவு. ஒன்றுமே செய்யாமல் அந்தரத்தில் நிற்பதற்கு ஒவ்வொரு நொடியும் தின்கிறது. கீழே விழாமல் இருப்பதே முழுநேர வேலை. அது தெரிந்த அன்று எனக்கு என்னமோபோல் இருந்தது, என்னைப் பற்றி யாரோ சொல்லிவிட்டதுபோல. அப்புறம்தான் தோன்றியது, நிற்கவே வேண்டாம், தொங்கட்டுமே. மேலே இரும்பு உத்தரம் இருக்கிறது, காலில் காந்தம் இருந்தால் வௌவால்போல ஒட்டிக்கொண்டு விசிறிகளை அணைத்துவிட்டு அங்கிருந்தே பார்க்கட்டும். பியூலாவிடம் சொன்னபோது, "டேய் பரிதி, நீ பேசினா இவ்வளவு நேரம் பேசுவியா?" என்று சிரித்துவிட்டு, மறுநாளே அலமாரிக் கதவிலிருந்த காந்தத்தைப் பெயர்த்து முதல் காலைச் செய்துவிட்டாள். அலமாரி அன்றிலிருந்து மூடுவதில்லை. கிருபா அண்ணா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் தோளில் கைபோட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நினைத்தால் இப்போது அந்தத் தோளைக் கழற்றி எறிய வேண்டும்போல இருக்கிறது. ஒரு மாதம் கழித்து ஒரு வீடியோ வந்தது, அவர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு நாள் ஒரு வௌவாலைப் பார்த்தபோது எனக்கு இந்த யோசனை வந்தது என்கிறார். வௌவால்! அந்த ஆள் வௌவாலைப் பார்த்தாராம். அவருடைய பத்தொன்பதாவது மாடி ஃபிளாட்டில் கொசுகூட ஏறாது.

அறுபது. வரிசை முடிந்து திரும்புகிறது, கச்சிதமாகத் திரும்புகிறது, ஷாநவாஸ் தலையை ஆட்டுகிறார். ஆட்டுங்கள் சார். பெயரை எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், பொய், பொறுத்திருக்க மாட்டேன், ஆனால் மென்று விழுங்கியிருப்பேன். கேலி செய்ததைத்தான் விழுங்க முடியவில்லை. எவ்வளவு பறந்தாலும் வீடு திரும்புவதற்கென்று ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவைக்கும்படி சிட்டுக்கு எழுதியிருந்தேன். மீட்டிங்கில் அத்தனைபேர் முன்னால் அவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார், பயந்தாங்கொள்ளிப் பங்கு. "இது மிஷினோட குணம் இல்லப்பா, எழுதினவனோட குணம். நம்ம தம்பி பேச்சுலயும் பாதி ரிசர்வ்லதான வச்சிருக்கான்." சிரிப்பு. அன்றிலிருந்து என் பெயர் ரிசர்வ். ரிசர்வ் வந்துட்டானா, ரிசர்வ் சாப்பிட்டானா, கேன்டீன்காரர் வரைக்கும் போய்விட்டது, "ரிசர்வ் தம்பிக்கு ஒரு டீ." நானும் சிரித்தேன். அதுதான் கொடுமை, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடிமுன் நின்று அந்தச் சிரிப்பைத் திரும்பச் சிரித்துப் பார்த்தேன், எவ்வளவு அசிங்கமாக இருந்தது. பங்கைப் பாதியாக்கினார். அப்புறம் போன வாரம் இங்கே ஒரு வெள்ளோட்டம். இந்தக் கிடங்கின் குளிருக்குப் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும், சிட்டு அதைத் தெரிந்துகொண்டு பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டது. நான் எழுதியபடி, நேர்மையாக. ஷாநவாஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்ன சார், டிபன் பாக்ஸை மறந்துட்டுப் போயிடுச்சா?" என்றார். கிருபா அண்ணாவின் காது சிவந்தது. அவர் காது சிவப்பதை முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன், அதை இன்னொருமுறை பார்க்க என்னவேண்டுமானாலும் கொடுப்பேன் என்று அப்போதே தோன்றியது. அன்று சாயங்காலமே என்னிடம் கேட்காமல் என் எழுத்துக்குள் கைவிட்டு ஒரு துண்டை உருவி எடுத்துவிட்டார்.

அவர் உருவிய துண்டு எது என்று அவருக்கே தெரியாது. அதுதான் இதில் இனிப்பு. வேலை செய்து களைத்த பேட்டரி கொஞ்சநேரம் சும்மா இருந்தால் தெளிந்ததுபோல முகம் காட்டும். வோல்டேஜ் ஏறும். உள்ளே ஒரு சொட்டுகூடக் கூடியிருக்காது, ஆனாலும் ஏறும், ஓடி வந்தவன் மூச்சு வாங்கி நின்றபின் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வானே, அதுபோல. மறுபடி ஓடச்சொன்னால் நாலு எட்டில் விழுந்துவிடுவான். சிட்டு உத்தரத்தில் தொங்கித் தொங்கிப் போகிற பிராணி, ஒவ்வொரு ஓய்விலும் இந்தப் பொய் ஏறும். அதனால் நான் ஒரு திருத்தம் எழுதியிருந்தேன், ஓய்வுக்குப்பின் முகத்தை நம்பாதே, இதுவரை எவ்வளவு செலவழித்தாய் என்பதை மட்டும் நம்பு என்று. அந்தத் திருத்தம்தான் சிட்டைச் சீக்கிரம் திரும்பவைத்தது, அதனால் அது அவருக்குத் தொந்தரவு, உருவிவிட்டார். மறுநாள் காலை திறந்து பார்த்தபோது அந்த இடம் காலியாக இருந்தது, பல் பிடுங்கிய இடம்போல. எழுந்து அவர் அறை வரைக்கும் போனேன். கதவில் கைவைத்தேன். உள்ளே போனில் யாரிடமோ, "அதெல்லாம் பசங்க ஓவரா பயப்படுறாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் செய்யவில்லை நான். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லலாம். ஒரு எழுத்தை மாற்றவில்லை, ஒரு கம்பியை அறுக்கவில்லை. சும்மா இருந்தேன். சும்மா இருப்பதற்கு ஆகும் செலவு அந்த வாரம் முழுவதும் எனக்குத் தெரிந்தது, தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, வாய் திறந்தால் எங்கே அது வெளியே விழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி.

டக். காந்தம் ஒட்டிக்கொண்ட சத்தம். நான்கு விசிறியும் நின்றன. உயரே உத்தரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தொங்குகிறது. கிடங்கே மூச்சை நிறுத்தியதுபோல ஆகிவிட்டது, இப்போதுதான் குளிரூட்டியின் உறுமல் கேட்கிறது, அட்டையும் மருந்தும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறுகிறது, விரல் நுனி மரத்துப்போயிருக்கிறது. திரையில் முப்பது என்றிருந்த பச்சை முப்பத்துமூன்று ஆகிறது. முப்பத்தாறு. "பாத்தீங்களா சார், ரெஸ்ட் எடுக்குது, தெம்பு ஏறுது," என்கிறார் கிருபா அண்ணா. தெம்பு! அதை அவர் நம்புகிறார் என்பது எனக்கு இந்த நிமிஷம்தான் உறைக்கிறது. ஏமாற்றுகிறார் என்று நினைத்திருந்தேன், இல்லை, மனதார நம்புகிறார். அது என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது, திருடியதைப் பிரித்துக்கூடப் பார்க்காத திருடன். தாத்தா சொல்வார், சின்ன வயதில் அவர் சொன்ன கதைகளிலேயே எனக்குப் பிடித்தது பனைமரத்துப் பேயின் கதை, தன்னைக் கொன்றவன் அந்த வழியாக வருவான் வருவான் என்று பனை உச்சியில் காத்துக்கொண்டே இருக்கும். "பேய்க்கு எது சிரமம் சொல்லு," என்பார். கோபமா தாத்தா? "கோபம் என்ன கோபம், அது தன்னால எரியும். மட்டையப் பிடிச்சிக்கிட்டே இருக்கணும்ல, கை வலிக்காதா?" ஒரு நாள் அவன் வந்தான், ஆனால் தோளில் ஒரு குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு வந்தான், குதித்தால் குழந்தைமேல்தான் குதிக்க வேண்டும், பேய் என்ன செய்தது, அதை அவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார். ஒரு தடவை குதித்தது. ஒரு தடவை குதிக்கவில்லை. ஒரு தடவை கை வலி தாங்காமல் தானே விழுந்தது. எதுதான் நிஜம் என்று கேட்டு அழுதிருக்கிறேன். ஏன் இப்போது இது. பியூலா கயிற்றோரமாக நிற்கிறாள், அண்ணாந்து பார்த்தபடி, நகத்தைக் கடித்தபடி. அந்தக் குழந்தை பியூலாதான் என்று எனக்குத் தெரியாதா. அந்த விசிறிகளை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துச் சமன் செய்தது அவள். கம்பி பற்றவைக்கும் சூட்டுக்கோல் பட்ட தழும்பு அவள் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. விழுந்தால் உடைவது அவளுடையது, கிருபாகரனுடையது எதுவும் உடையாது. அவருடையது எதுவுமே அங்கே இல்லையே உடைவதற்கு.

நாற்பத்தாறு என்று காட்டுகிறது பொய். விசிறிகள் விழித்துக்கொள்கின்றன. கால் விடுபடுகிறது. போ. இதோ போகிறது, மூன்றாவது ரேக், வோல்டேஜ் படியிறங்குவதுபோல இறங்குகிறது, நான் நினைத்ததைவிட வேகமாக, பச்சை எழுத்து இன்னும் அந்தச் செய்தி வராததுபோல நாற்பது என்று இளித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு நினைப்பு, ஐஸ் கட்டியை முதுகில் போட்டதுபோல. இந்த நாற்காலியில் ஏன் என்னை உட்காரவைத்தார்? விழுந்தால், பட்டனில் கைவைத்திருந்தவன் எவன் என்றுதானே முதல் கேள்வி வரும். அமுக்காதவன் எவன். ரிசர்வ். தூங்கிட்டான் சார் நம்ம பையன். அட, தெரிந்தேதான் வைத்தாரா? இல்லை, அவ்வளவு தூரம் யோசிக்கிற ஆள் இல்லை, இல்லை, யோசிக்கிற ஆள்தான், நானே ஒரு வாரமாகக் கண்ணியை விரித்துவைத்துவிட்டு அதற்குள்ளேயே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் மாறுகிறது. கொசுப்பாட்டு தணிந்து வண்டின் ரீங்காரமாகிறது, இந்த மாற்றம் இங்கே என் ஒருவனுக்குத்தான் கேட்கும், ஒருவேளை பியூலாவுக்கு. அவள் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். சிட்டு ஒரு சாண் தாழ்கிறது. அமுக்க மாட்டேன். மறுபடி ஏறுகிறது, நொண்டி நொண்டி, வந்து இறங்க வேண்டிய மேடைக்கு இன்னும் ஒரு ரேக் தூரம், விழு, விழாதே, விழு, என் விரல் என்னைக் கேட்காமல் கனக்கிறது, பட்டன் பாதி வரை அமுங்கிவிட்டதை உணர்கிறேன், அடுத்த பாதியில் அது வேலை செய்யும், நிறுத்து, யாருக்காக அமுக்குகிறாய், சட்டைக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்குகிறது இந்தக் குளிரில், தாழ்கிறது, தாழ்கிறது, தட். மேடையில் உட்கார்ந்துவிட்டது. தடுமாறி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆனால் உட்கார்ந்துவிட்டது. கைதட்டல்.

கைதட்டுகிறார்கள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி, வெட்கக்கேடு, கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நிம்மதி, அடுத்த மூச்சில் அது தலைகீழாகப் புரண்டு, ஜெயித்துவிட்டாரே என்று நெஞ்சில் அமிலம். கிருபா அண்ணா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "என்னடா ரிசர்வ், ஒண்ணும் ஆகலல்ல?" ஷாநவாஸ் மேடையருகே குனிந்து சிட்டைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. மேல் தட்டுப் பக்கம் ஒரு தடவை போகச் சொல்லுங்களேன். அங்கதான் எங்க ஆளுங்க ஏற மாட்டேங்கறானுங்க, கேட்டா முட்டி வலிங்கறானுங்க," என்றார். பியூலா அதற்குள் புது பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "மாத்திடறேண்ணா, ஒரு நிமிஷம்." கிருபா அண்ணா கையை நீட்டி அவளைத் தடுத்தார். "எதுக்கு? அதானே நம்ம விசேஷமே. சார், இதுக்கு மாத்தவே வேண்டியதில்ல, பாருங்க, வந்து உக்காந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல, இன்னும் முப்பத்தெட்டு இருக்கு." திரையை ஷாநவாஸ் பக்கம் திருப்பினார். பச்சையாக முப்பத்தெட்டு. "அண்ணா, சத்தம் சரியில்ல, நான் கேட்டேன்," என்றாள் பியூலா. "உனக்கும் இவன் வியாதி ஒட்டிக்கிச்சா?" அவள் என்னைப் பார்த்தாள். நீ சொல்லேன் என்பதுபோல. ஒரு சொல் போதும். மாத்திடலாம்ணா என்று ஒரு சொல். நான் எழுந்தேன். எழுந்து, நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிவைத்து, என் குரல் எப்போதும்போல மெதுவாக, மரியாதையாக வந்தது, எனக்கே ஆச்சரியம் எவ்வளவு இதமாக வந்தது என்று, "அண்ணா, இந்தத் தடவை நீங்க உக்காருங்க. உங்க கையால ஓட்டினா சாருக்கும் ஒரு திருப்தியா இருக்கும்." அவர் முகம் மலர்ந்தது. உண்மையிலேயே மலர்ந்தது, பாவி, என் கன்னத்தைத் தட்டினார். உட்கார்ந்தார். நான் பேன்ட் பாக்கெட்டுகளில் கைகளைவிட்டுக்கொண்டு கயிற்றோரம் போய் நின்றேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, ரேக்குகளுக்கு நடுவே ஆள் இல்லை, அதை மட்டும் இரண்டுதடவை பார்த்துக்கொண்டேன். கைகள் எவ்வளவு இலேசாக இருந்தன. மட்டையை விட்டுவிட்ட கைகள்.

ஏறியது. மேல் தட்டு வரைக்கும் அழகாக ஏறியது, ஏறுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, கொசு, வண்டு, அப்புறம் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம், யாரோ ஒரு சொல்லைப் பாதியில் விழுங்கினதுபோல. அவ்வளவுதான். விழுந்தது. ரேக்கின் விளிம்பில் ஒருமுறை பட்டுத் திரும்பி சிமென்ட் தரையில். அந்தச் சத்தம் சின்னதாகத்தான் இருந்தது, ஒரு ஸ்டீல் டம்ளர் விழுந்த அளவுக்கு. கிருபாகரன் தரையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தெட்டு இருந்துச்சே," என்றார். "முப்பத்தெட்டு காட்டுச்சே." ஷாநவாஸ் தாடையைச் சொறிந்தார். "எங்க ஸ்டாக்கையும் இப்படித்தான் காட்டுமா சார்?" அவருடன் வந்திருந்த இரண்டுபேரும் சிரித்தார்கள். காது சிவந்தது. இரண்டு காதும், நுனி வரைக்கும். நான் பார்த்தேன், நன்றாக, நிதானமாகப் பார்த்தேன், சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல வந்தது. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை முகத்தில். "ஏன்டா பரிதி இப்படிக் காட்டுச்சு?" என்றார். இத்தனை காலத்தில் பதில் வேண்டி என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. பெயர் சொல்லிக் கேட்டது. அவருக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் நாளைக்கு அதுவும் நீலச் சட்டை போட்டுக்கொள்ளும். நான் ஷாநவாஸைப் பார்த்துச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ரெஸ்ட்ல இருந்தா ஏறின மாதிரி காட்டும் சார். அது நிஜ இருப்பு இல்ல. அதுக்கு நான் ஒரு திருத்தம் எழுதியிருந்தேன். நான் எழுதினது சார் அது." எவ்வளவு நன்றாக இருந்தது அந்த 'நான்' என் வாயில். ஷாநவாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். "எழுதியிருந்தீங்களா. அப்ப அது எங்க?" "எடுத்துட்டாங்க." யார் என்று அவர் கேட்கவில்லை, காதுகளைப் பார்த்தே புரிந்திருக்கும். வேறு ஒன்றைத்தான் கேட்டார், சாதாரணமாக, டீ குடிச்சாச்சா என்று கேட்பதுபோல. "எடுத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?" சொல் வந்து நின்றது. எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது நான் விட்டு எழுந்த அந்த நாற்காலியில் போய்த்தான் உட்காரும். "மறுநாளே," என்றேன். "ஓஹோ," என்றார் அவர். "ரெண்டு பேரும் நல்லா இருங்க." தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று அந்தக் கதவு மெதுவாக, தானாக, மூடிக்கொண்டது.

பியூலா ஏற்கனவே கயிற்றுக்கு அடியில் நுழைந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவை மடியில் விரித்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள், உடம்பு, கேமரா, கால், ஒரு விசிறி, இன்னொன்று. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், பதிலுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லலாம், வீடியோ, வௌவால், கேன்டீன் டீ, நீயே சொல்லு, என் இடத்தில் இருந்தால் நீ என்ன செய்திருப்பாய். அவள் நிமிரவில்லை. பேட்டரியை எடுத்து ஓரமாக வைத்தாள், அது உப்பிப்போய் இருந்தது. "ஒரு மோட்டார் காணல," என்றாள் தரையிடம். "உருண்டு போயிருக்கும். ரெண்டு பேரும் தேடுங்க." ரெண்டு பேரும். அந்தச் சொல்லை ஷாநவாஸும் சொன்னார். திரும்பிப் பார்த்தால் கிருபாகரன் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். கால்சட்டையை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ரேக்கின் அந்தப் பக்கம் குனிந்தார். நானும் இந்தப் பக்கம் மண்டியிட்டேன். கன்னம் தரையில் பட்டது, சிமென்ட் ஜில்லென்றிருந்தது. ரேக்கின் அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம், இருட்டு, தூசி, எப்போதோ விழுந்த ஒரு மாத்திரை அட்டை, அதைத் தாண்டி, செம்புக் கம்பி சுற்றிய அந்த மோட்டார், நிலக்கடலை அளவு, மினுமினுவென்று. தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது, அந்தப் பக்கத்துச் சந்தில் ஒரு கண் தெரிந்தது, அப்புறம் கண் போய்க் கை வந்தது, கடிகாரம் கட்டிய கை, தூசியைத் தள்ளிக்கொண்டு. நான் தோளைத் தரையோடு அழுத்தி, எலும்பு நோக, என் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.